நடப்போருக்கும் உரியது வீதி

நாட்டின் ஆட்சி எத்தகையது என்பதை அறிய விரும்புபவர் பாராளுமன்றத்தின் படியேற வேண்டியதில்லை. காலை ஏழு மணிக்குக் கிளிநொச்சி நகரினூடே செல்லும் கண்டி வீதியின் ஓரத்தில் அரைமணி நேரம் நின்றாற் போதும். வெள்ளைச் சீருடை அணிந்த சிறுவர் சிறுமியர் ஒரு கரையில் நிற்பர். அவர்கள் செல்ல வேண்டிய பாடசாலை மறுகரையில் இருக்கும். இடையே பஸ்களும் பார ஊர்திகளும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு பறக்கும். மருந்துச் சீட்டைக் கையிற் பிடித்த மூதாட்டி ஒருவர், வைத்தியசாலைப் பக்கம் போவதற்காகக் கையை உயர்த்தி வாகன ஓட்டிகளைக் கெஞ்சி நிற்பார். காய்கறி மூட்டையைச் சைக்கிளிற் கட்டிவந்த கமக்காரர், பின்னால் எழும் ஊதுகுழலின் அலறலுக்கு அஞ்சி மணலுள் இறங்கித் தடுமாறுவார். தமக்கு உரித்தான வீதியைக் கடப்பதற்கு ஒரு மக்கட் கூட்டம் இரந்து நிற்கும் காட்சி இது. நாள்தோறும் காண்பதால் எமக்கு இது பழகிவிட்டது. பழகிவிட்டமையே இதன் கொடுமை.

வீதி என்பது வாகனம் ஓடுவதற்கு மட்டும் அமைந்த தாரை என்னும் எண்ணம் எமது அரசாங்கப் பொறியியலாளர் மனத்தில் வேரூன்றியிருக்கிறது. எமது அரசியல்வாதிகள் மனத்திலும், உண்மையைச் சொல்வதாயின் எம் ஒவ்வொருவர் மனத்திலும், அது வேரூன்றியிருக்கிறது. இந்த எண்ணம் தவறானது என்பதையும், இதனால் உயிர்கள் பலியாகின்றன என்பதையும், இதனை மாற்றுவதற்கு வேண்டிய அதிகாரத்தில் ஒரு பகுதி இன்று எமது கையிலேயே உள்ளது என்பதையும் எடுத்துக் கூறுவது எமது கடமை.

முதலிற் கணக்கைப் பார்ப்போம். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021 ஆம் ஆண்டில் உலகெங்கும் 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் வீதி விபத்துக்களில் மாண்டனர். 5 வயது முதல் 29 வயது வரையானோரைக் கொல்லும் காரணங்களுள் முதலிடம் வீதி விபத்துக்கே. மாண்டோருட் பாதிக்கு மேற்பட்டோர் நடந்து சென்றோரும், சைக்கிளிற் சென்றோரும், மோட்டார் சைக்கிளிற் சென்றோருமாவர். உலக வங்கி 2020 ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, இலங்கையில் ஆண்டொன்றுக்குச் சராசரி 38,000 விபத்துக்கள் நிகழ்வதாகவும், ஏறத்தாழ 3,000 பேர் உயிரிழந்து 8,000 பேர் கடுங்காயம் அடைவதாகவும் கணக்கிட்டது. போர் ஓய்ந்த நாடொன்றில், ஆண்டுதோறும் ஒரு சிறு கிராமத்தின் மக்கள் முழுவதும் மாள்வதற்கு ஒப்பான இழப்பு இது. ஆயின் இதற்கு நினைவுத் தூபியுமில்லை, விசாரணைக் குழுவுமில்லை.

நாம் கேட்டுப் பெற்ற வீதி

321 கிலோமீற்றர் நீளமான கண்டி–யாழ்ப்பாண வீதி எமது மக்களுக்கு வெறும் தார்ப்பாதை அன்று. 1990 முதல் அடைபட்டுக் கிடந்து, 2002 இல் திறந்து, 2006 ஆகத்து 11 ஆம் நாள் மீண்டும் மூடுண்டு, போர் முடிந்தபின் திறக்கப்பட்ட வீதி அது. அது மூடியிருந்த காலங்களில் ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்கும் ஒரு குளிசைக்கும் எமது மக்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. ஆகவே அவ்வீதி திருத்தப்பட்டுக் கண்ணாடி போல வழுவழுப்பாய் விரிந்தபோது நாம் மகிழ்ந்தோம். மகிழ்ந்ததிற் பிழையில்லை. பின்னர் மன்னார் வீதி, முல்லைத்தீவு வீதி, குடாநாட்டின் பெருவீதிகள் என ஒவ்வொன்றாகக் காப்பெற் இடப்பட்டன. 2011 ஆம் ஆண்டு சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டது. அபிவிருத்தி என்றாற் காப்பெற் வீதி என்பதே பொருள் என்னும் நிலை உண்டாயிற்று.

ஆயின் ஒரு கேள்வியை நாம் அன்று கேட்கத் தவறினோம். குழி நிறைந்த பழைய வீதியில் ஊர்ந்து சென்ற வாகனம், புதிய வீதியிற் பாய்ந்து செல்லும் என்பது யாவரும் அறிந்ததே. அங்ஙனம் பாயும் வாகனத்துக்குப் பக்கத்தில் நடக்கும் பிள்ளைக்கு நடைபாதை எங்கே? சைக்கிளுக்கு இடம் எங்கே? சந்தையடியிற் கடப்பதற்கு வழி எங்கே? இரவில் வெளிச்சம் எங்கே? வேகத்தைத் தந்த திட்டம், வேகத்திலிருந்து காப்பைத் தரவில்லை. தந்தது பாதி, தராதது பாதி. தராத பாதிக்கு விலை கொடுப்பவர்கள் வாகனமில்லாத ஏழை மக்களே.

இருப்புப் பாதையின் கதையும் இதுவே. 2014 ஒக்டோபர் 13 இல் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. 2015 சனவரியிற் காங்கேசன்துறை வரை சென்றது. ஊர் திரண்டு வரவேற்றது. ஆயின் கால் நூற்றாண்டு இரயிலைக் காணாத ஒழுங்கைகளின் குறுக்கே அது விரைந்தபோது, படலையில்லாத கடவைகள் பல பலிபீடங்களாயின. சொற்ப நாட்கூலிக்குக் காவல் நின்ற கடவைக் காப்பாளர்கள் நிரந்தர நியமனங் கேட்டு வீதியில் இறங்கிப் போராடியதையும் நாம் கண்டோம்.

குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் யார்?

விபத்து நிகழ்ந்தவுடன் எமது நாட்டில் நடப்பது என்ன? பொலிசார் வருவர். இறந்தவரின் உடலை வைத்தியசாலைக்கு அனுப்புவர். மரண விசாரணை நடைபெறும். தண்டனைச் சட்டக்கோவையின் 298 ஆம் பிரிவின் கீழ், கவலையீனத்தால் மரணம் விளைவித்தார் என வாகன ஓட்டிமீது வழக்கு வரும். சில ஆண்டுகளின் பின் தண்டமோ சிறையோ விதிக்கப்படும். கோவை மூடப்படும். அதே சந்தியில், அதே வளைவில், அதே மணி நேரத்தில் மற்றொருவர் இறப்பார். மீண்டும் ஒரு புதிய கோவை திறக்கப்படும்.

குடித்துவிட்டு ஓட்டுபவனையும், பந்தயம் ஓடும் பஸ் சாரதியையும் நாம் காக்க வரவில்லை. அவர்களுக்குச் சட்டம் விதிக்கும் தண்டனையைக் குறைக்கவும் கேட்கவில்லை. நாம் கேட்பது வேறு. ஒரே இடத்தில் ஐந்து வெவ்வேறு சாரதிகள் ஐந்து வெவ்வேறு ஆண்டுகளில் ஐந்து உயிர்களைப் பறித்தால், அவ்விடத்திலே ஒரு குற்றம் இருக்கிறது என்பதை அறியப் பேரறிவு வேண்டுமா? பார்வையை மறைக்கும் மதில், கோடழிந்த கடவை, எரியாத விளக்கு, மூடியில்லாத வடிகால் ஆகிய இவை எந்தக் குற்றப்பத்திரத்திலும் ஏறுவதில்லை. வரைபடம் கீறியவரும், அதற்குக் கையொப்பமிட்டவரும், பணத்தை ஒதுக்கியவரும் ஒருநாளும் சாட்சிக் கூண்டிற்கூட ஏறுவதில்லை.

சுவீடன் நாட்டுப் பாராளுமன்றம் 1997 ஆம் ஆண்டு இந்தச் சிந்தனையைத் தலைகீழாக மாற்றியது. மனிதன் தவறிழைப்பவன், அவன் இழைக்கும் சிறு தவறு உயிரைப் பறிக்காத வண்ணம் வீதியை அமைப்பது, வீதியை அமைப்போரின் பொறுப்பு என்பதை அந்நாடு கொள்கையாக ஏற்றது. மின்சாரக் கம்பியை ஒரு குழந்தை தொட்டால் குழந்தையைக் குற்றஞ் சாட்டமாட்டோம். கம்பியைத் தாழ வைத்தவரையே கேட்போம். வீதிக்கும் அந்த நீதியே பொருந்தும்.

வேகத்தின் கணக்கு

இதில் எண்ணுங் கணக்கும் உண்டு. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு செக்கனில் ஏறத்தாழ 14 மீற்றர் செல்லும். பிள்ளை ஒன்று குறுக்கே ஓடுவதைக் கண்டு, சாரதி பிறேக்கில் கால் வைப்பதற்கு ஒரு செக்கன் ஆகும் என வைத்துக்கொள்வோம். அதற்குள் 14 மீற்றர் கடந்துவிடும். 30 கிலோமீற்றர் வேகத்தில் வந்த வாகனமோ, அந்தச் செக்கனில் 8 மீற்றர் ஓடி, நல்ல பிறேக்கும் காய்ந்த வீதியும் இருப்பின் மேலும் 5 மீற்றர் அளவில் நின்றுவிடும். அதாவது, மெல்ல வந்த வாகனம் முற்றாக நின்றுவிடும் தூரத்தில், விரைந்து வந்த வாகனம் பிறேக்கையே தொட்டிராது. மோதும் விசையும் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவது. 30 இலும் 70 இற்கு அது ஐந்து மடங்குக்கு மேல். மனித எலும்பு பதவியையும் படிப்பையும் பார்த்து வலிமை பெறுவதில்லை. எவர் எலும்பாயினும் அந்த விசைக்கு முறியும்.

ஆகவேதான் 2020 பெப்புருவரியில் உலக நாடுகளின் அமைச்சர்கள் கூடிய ஸ்ரொக்ஹோம் மாநாடு, நடப்போரும் சைக்கிளோட்டிகளும் வாகனங்களும் கலந்து செல்லும் இடங்களில் மணிக்கு 30 கிலோமீற்றரே உச்ச வேகமாதல் வேண்டும் எனப் பிரகடனஞ் செய்தது.

இவ்வாறு வேகத்தைக் குறைத்தால் வணிகம் கெடும், பயணம் நீளும் என்பர் சிலர். ஒரு கிலோமீற்றரை 50 கிலோமீற்றர் வேகத்திற் கடக்க 72 செக்கன். 30 கிலோமீற்றர் வேகத்திற் கடக்க 120 செக்கன். வேறுபாடு 48 செக்கன். பாடசாலை, சந்தை, வைத்தியசாலை ஆகியவை அமைந்த அரைக் கிலோமீற்றருக்கு 24 செக்கன். வெற்றிலை மடிக்கும் நேரம். ஒரு பிள்ளையின் உயிருக்கு எதிரே இந்த 24 செக்கனைத் தராசில் வைக்கத் துணிபவர் எவரும் உளரோ?

வேகத்தைப் பலகையில் எழுதி நட்டால் மட்டும் குறையாது என்பதையும் சொல்லவேண்டும். அகன்று நேராகக் கிடக்கும் வீதி, பலகை என்ன சொன்னாலும், “ஓடு, ஓடு” என்றே சாரதிக்குச் சொல்லும். ஊருள் நுழையும் இடத்தில் ஓட்டுதடத்தை ஒடுக்குதல், நடைபாதையின் உயரத்துக்குக் கடவையை உயர்த்துதல், கடப்போர் நடுவில் நின்று இளைப்பாறத் திட்டு அமைத்தல், சந்தியின் மூலைகளைச் சுருக்கி வாகனம் மெல்லத் திரும்பும்படி செய்தல் ஆகியவையே பேசாமற் பணியவைக்கும் பொலிசார். நாற்சந்தியொன்றில் வாகனத்தோடு வாகனம் மோதக்கூடிய புள்ளிகள் 32 எனவும், அதே சந்தி சுற்றுவட்டமாயின் அவை 8 எனவும் பொறியியலாளர் கணக்கிடுவர்.

யாவருக்கும் என்றால் யாருக்கு?

யாழ்ப்பாணம் சைக்கிளின் ஊர். பொருளாதாரத் தடையின் இருண்ட ஆண்டுகளில் எமது மக்களைச் சுமந்தது அந்த இரு சக்கரமே. நோயாளியையும், நெல் மூட்டையையும், விறகையும், குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு அது ஓடியது. மாணவன் அதிற் சென்று பல்கலைக்கழகம் புகுந்தான். ஆசிரியை அதிற் சென்று பள்ளியை நடத்தினாள். அன்று எமக்குக் கைகொடுத்த அந்த ஊர்திக்கு இன்று பலாலி வீதியிலும் காங்கேசன்துறை வீதியிலும் கிடைத்த இடம், வெள்ளைக் கோட்டுக்கும் வடிகாலுக்கும் இடையே ஒரு சாண். பெற்றோர் அஞ்சிப் பிள்ளைகளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் செல்கின்றனர்; அதனாற் பாடசாலை வாயிலில் நெரிசல் பெருகுகிறது; நெரிசலால் சைக்கிளிற் செல்லும் மற்றைப் பிள்ளைக்கு ஆபத்து மிகுகிறது. இது ஒரு நச்சுச் சக்கரம்.

போரிற் காலிழந்தோர், கண்ணிழந்தோர், முதுகெலும்பிற் காயமுற்றோர் எமது மாகாணத்தின் ஒவ்வொரு கிராமத்திலும் உளர். அவர்களுக்காக மேடைகளிற் கண்ணீர் விடுபவர்களிடம் ஒன்று கேட்கிறோம். அவர்களுள் ஒருவர் தமது சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரி வீதியில் எவர் உதவியுமின்றி நூறு யார் செல்ல முடியுமா? இரு சக்கர நாற்காலிகள் ஒன்றையொன்று கடப்பதற்கு ஏறத்தாழ 1.8 மீற்றர் அகலமான, தடையற்ற நடைபாதை வேண்டும். நடைபாதை முடியும் இடத்திற் படியின்றிச் சரிவு வேண்டும். கண்ணற்றோர் காலால் உணர்ந்து செல்லும் புடைப்புக் கற்களை யப்பான் தேசம் 1967 ஆம் ஆண்டிலேயே ஒக்காயாமா நகரத் தெருவிற் பதித்துவிட்டது.

இது கருணை வேண்டுதலன்று, சட்டத்தின் கட்டளை. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் அங்கவீனமுற்றோரின் உரிமைகளைப் பாதுகாக்க இயற்றப்பட்டது. பொது இடங்களை அவர்கள் அணுகும் வசதி பற்றிய ஒழுங்குவிதிகள் 2006 இல் வர்த்தமானியில் வெளிவந்தன. 2009 ஏப்பிரலில் உயர் நீதிமன்றம் அவற்றைச் செயற்படுத்துமாறு கட்டளையிட்டது. 2016 இல் இலங்கை அங்கவீனமுற்றோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தையும் உறுதிப்படுத்தியது. ஏட்டில் எல்லாம் உண்டு. வீதியில் இல்லை.

கமக்காரரின் வழக்கு

வீதி பட்டணத்தாரின் விடயம் எனக் கமக்காரர் எண்ணிவிடலாகாது. அவர்கள் இழப்பது பட்டணத்தார் இழப்பதிலும் மேலானது. வன்னியில் வீதி உயர்த்தப்படும்போது வயலுக்கு உழவு இயந்திரம் இறங்கும் சரிவு மறக்கப்படுகிறது. போதிய மதகு வைக்காமல் மண்ணை நிரப்பினால், மாரியில் ஒரு பக்கத்து வயல் ஏரியாகும். மறுபக்கத்து வயல் நீரின்றி வாடும். மாடுகள் கடப்பதற்கு வழி விடப்படுவதில்லை. இருளில் வீதியிற் படுத்த மாட்டுடன் மோதி மோட்டார் சைக்கிளோட்டி மடிந்தால், மாட்டுக்காரருக்கும் இழப்பு, மடிந்தவர் வீட்டுக்கும் இழப்பு.

அறுவடைக் காலத்தில் நெல்லை வீதியிற் காயவிடுகிறார்கள் எனக் கமக்காரரை ஏசுவது எளிது. உலர்த்தும் தளம் இல்லாத ஊரில் அவர் ஈர நெல்லை எங்கே கொட்டுவார்? கூரையிலா? தளம் அமைத்துக் கொடுக்காதவரைக் கேளாமல் நெல்லைக் கொட்டியவரை மட்டும் தண்டிப்பது நீதியாகாது. அதே வேளையில், பொழுதுபட்டபின் வெளிச்சமின்றி உழவு இயந்திரத்தைப் பெருவீதியில் ஏற்றுவது தன்னையும் பிறரையும் கொல்லும் செயல் என்பதைக் கமக்காரச் சகோதரர்களும் உணர்தல் வேண்டும். ஒளிதெறிக்கும் தகடு ஒன்றின் விலை ஓர் உயிரின் விலையிலும் மிகச் சிறிது.

ஒல்லாந்தர் கற்ற பாடம்

1658 இல் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றி எம்மை ஆண்ட ஒல்லாந்தரின் உரோமன்–டச்சுச் சட்டம் இன்றும் எமது நீதிமன்றங்களில் வழங்குகிறது. அவர்களது நாட்டிலிருந்து நாம் கற்க வேண்டிய புதிய பாடமொன்று உண்டு. 1971 ஆம் ஆண்டில் அந்நாட்டு வீதிகளில் ஏறத்தாழ 3,300 பேர் மாண்டனர்; அவர்களுள் 400 பேருக்கு மேல் குழந்தைகள். தன் மகளை வீதியிற் பறிகொடுத்த பத்திரிகையாளர் ஒருவர் 1972 இல் “குழந்தைக் கொலையை நிறுத்துக” எனத் தலைப்பிட்டுக் கட்டுரை எழுதினார். அத்தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. தாய்மாரும் தந்தையரும் வீதியில் இறங்கினர். 1976 இல், குடியிருப்பு வீதிகளில் நடப்போருக்கே முதலிடம் என்னும் விதி சட்டமாயிற்று. சைக்கிளுக்குத் தனிப்பாதைகள் நாடெங்கும் அமைந்தன. அண்மைய ஆண்டுகளில் அந்நாட்டு வீதி மரணங்கள் 700 அளவுக்கு இறங்கியுள்ளன. அவர்களது மக்கட்டொகை எமது நாட்டின் தொகையிலும் சிறிதே குறைந்தது.

ஒல்லாந்தர் பிறவியிலே ஒழுக்கம் உடையவர், எமது மக்கள் ஒழுக்கமற்றவர் என்று சொல்லித் தப்பிக்க முயல்வோருக்கு இது தக்க மறுமொழி. 1971 இலும் அவர்கள் ஒல்லாந்தரே. மாறியது வீதி. வீதி மாற, மக்களின் நடத்தையும் மாறிற்று.

அதிகாரம் எங்கே இருக்கிறது?

ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கையில் உள்ளன. சி, டி தர வீதிகள் மாகாணத்துக்கு உரியன. ஏனைய சிறு வீதிகளும் ஒழுங்கைகளும் மாநகர, நகர, பிரதேச சபைகளுக்கு உரியன. தேசிய நெடுஞ்சாலை தவிர்ந்த வீதிகள் மாகாணத்தின் பொறுப்பு என 1987 ஆம் ஆண்டின் 13 ஆம் திருத்தம் சொல்கிறது. ஆயின் 2013 இல் தெரிவான வடமாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்த பின்னர் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. எமது வீதியைப் பற்றி எமது பிரதிநிதி முடிவுசெய்ய இயலாத இந்த நிலையை நாம் என்றும் ஏற்கமாட்டோம். அதற்கான போராட்டம் தொடரும்.

ஆனால் கையில் இல்லாத அதிகாரத்தைப் பற்றிப் பேசிப் பேசி, கையில் உள்ள அதிகாரத்தைத் துருப்பிடிக்க விடுவது அறிவுடைமையாகாது. 2025 மே 6 ஆம் நாள் நடைபெற்ற தேர்தலின் பின் எமது உள்ளூராட்சி மன்றங்கள் மக்கள் பிரதிநிதிகள் கைக்கு மீண்டன. வீதியில் தடை நீக்கவும், விளக்கேற்றவும், வடிகாலுக்கு மூடியிடவும், வீதிக் கோட்டை மீறிய கட்டடத்தைத் தடுக்கவும் அவற்றுக்குச் சட்டம் இடந்தருகிறது. வீதிக் கோடு பற்றிய விதிகள் 1915 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்திலேயே உள்ளன. நூறாண்டு கடந்த சட்டம் தூங்குகிறது, தூங்கவிட்டவர்கள் நாமே.

எமது மன்றங்களிடம் நாம் கேட்பவை நான்கு. முதலாவது, ஒவ்வொரு சபையும் தன் எல்லையிலுள்ள வீதிகளைக் காலால் நடந்து பார்க்கட்டும். அந்த நடையில் ஒரு மாணவியும், ஒரு முதியவரும், சந்தையில் விற்கும் ஒரு பெண்ணும், சக்கர நாற்காலியிற் செல்லும் ஒருவரும், ஒரு கமக்காரரும் கூடவே செல்லட்டும். இரண்டாவது, அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு பாடசாலை வீதியையேனும் நடைபாதை, உயர்ந்த கடவை, விளக்கு ஆகியவற்றுடன் முழுமையாகத் திருத்திக் காட்டட்டும். மூன்றாவது, பெருவீதி எதனையும் புதுப்பிக்கும் திட்டம் வரும்போது, வேலை தொடங்குமுன் வரைபடத்தை மக்கள் முன் வைக்குமாறு மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் எழுந்து நின்று கேட்கட்டும். நான்காவது, விபத்தில் ஓர் உயிர் போன ஒவ்வோர் இடத்தையும் பதிவேட்டில் எழுதி, அந்த இடத்தின் குறை என்ன, அதை எப்போது நீக்குவோம் என்பதை மூன்று மாதத்துள் அறிவிக்கட்டும்.

பணமில்லை என்பர். வீதிக்குத் தாரிடப் பணம் வரும்போதே ஓரக்கல்லும் கடவையும் அத்திட்டத்தில் அடங்கினால் மேலதிகச் செலவு சிறிது. பின்னர் கிண்டிச் செய்வதற்கே செலவு பெரிது. கோடு கீறச் சாயமும், சந்தியைச் சுருக்கச் சில கற்களும் போதும். மனமே முதலில் வேண்டுவது.

எம்மவர் செய்யும் தவறு

பிறரை மட்டும் குற்றஞ் சாட்டி முடித்தால் இக்கட்டுரை நேர்மையுடையதாகாது. நடைபாதையில் அரிசி மூட்டையை அடுக்குபவர் எமது வணிகர். வடிகால் மேலே படிக்கட்டு இறக்குபவர் எமது வீட்டுக்காரர். ஒழுங்கையின் ஓரமாய் மதிலை ஒரு முழம் முன்னே தள்ளுபவர் எமது படித்த பெருமக்கள். நீதிமன்றத்தில் எல்லை வழக்குப் பேசும் சட்டத்தரணியும், கடவையை அடைத்துக் காரை நிறுத்திவிட்டு உள்ளே செல்வதை நாம் கண்டிருக்கிறோம். ஒரு முழம் தானே என எண்ணற்க. அந்த ஒரு முழம் பறிபோனதாற்றான் தள்ளுவண்டிக் குழந்தையுடன் தாய் ஒருத்தி பஸ்ஸின் முன்னே இறங்கி நடக்கிறாள்.

வீதி எல்லாருக்கும் பொது என்னும் உண்மையை எமது சமூகம் எளிதில் ஏற்றுக்கொண்டதில்லை. சாதியின் பெயரால் மனிதரைப் பொது இடங்களில் ஒதுக்கிய கொடுமையைக் குற்றமாக்க 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் வேண்டியிருந்தது. சட்டம் வந்த பின்னரும் நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. அன்று பிறப்பைக் காட்டி வழி மறித்தோம். இன்று பிறப்பைக் கேட்பதில்லை. வாகனம் உண்டா என்று கேட்கிறோம். இல்லாதவனை ஓரந் தள்ளுகிறோம். மறிக்கும் முறை மாறியது, மறிப்பது மாறவில்லை.

பெரிய உரிமையும் சிறிய வீதியும்

இனத்தின் உரிமைப் பிரச்சினை தீராதிருக்க, நடைபாதை பற்றியா ஓர் அரசியல் வார இதழ் எழுதுவது என்று நண்பர்கள் சிலர் வினவக்கூடும். அவர்களுக்கு ஒன்றை நினைவூட்டுவோம். 1956 ஆம் ஆண்டு ஆகத்தில் திருகோணமலை மாநாட்டுக்குத் தமிழரசுக் கட்சித் தொண்டர்கள் பாதயாத்திரையாகவே சென்றனர். ஊர் ஊராக, சந்தி சந்தியாக, நடந்தே மக்களைக் கண்டனர். 1961 இல் கச்சேரி வாயில்களில் அமர்ந்தவர்களும் வீதியில் இருந்தே அறப்போர் புரிந்தனர். எமது அரசியல் வீதியில் நடந்து வளர்ந்த அரசியல். நடப்பவனுக்கு இடமில்லாத வீதியை அமைத்துவிட்டு, நடந்து வென்ற முன்னோரின் பெயரை அவ்வீதிக்குச் சூட்டுவதில் என்ன பெருமை?

தன்னாட்சி என்பது ஒருநாள் ஒரு பத்திரத்திற் கையொப்பமாகி வந்திறங்கும் பொருளன்று. கையிற் கிடைத்த சிறு அதிகாரத்தையும் நேர்மையுடன் ஆண்டு காட்டும் மக்களுக்கே பெரிய அதிகாரத்தைக் கேட்கும் வலிமை உண்டாகும். கொழும்பைப் பார்த்து, “எமது நிலத்தை ஆள எமக்கு உரிமை தா” எனக் கேட்கும் நாம், எமது ஒழுங்கையின் முடக்கில் ஒரு விளக்கேற்றாமல் இருந்தால், எம்மை எதிர்ப்பவர்கள் கேட்கமாட்டார்களா? அதிலும் மேலாக, அம்முடக்கில் மகனை இழந்த தாய் கேட்கமாட்டாளா?

நாளைக் காலை ஏழு மணிக்கும் அந்தப் பிள்ளைகள் வீதியோரத்தில் வந்து நிற்பர். எமது சபைகளின் தவிசாளர்களும் உறுப்பினர்களும் ஒருநாளேனும் வாகனத்தை விட்டிறங்கி அவர்களோடு அவ்வீதியை நடந்து கடப்பார்களாக. கடந்தபின், தம் மன்றத்துக்குச் சென்று, தாம் கண்டதைத் தீர்மானமாக எழுதுவார்களாக. எழுதிய தீர்மானத்தைக் கல்லிலும் தாரிலும் நிறைவேற்றுவார்களாக. நிறைவேற்றும்வரை, எத்தனை உயிர் போயிற்று, எத்தனை கடவை அமைந்தது என்னும் இரண்டு கணக்கையும் மக்கள் மறவாது கேட்டுக்கொண்டே இருப்பார்களாக!